ஹார்மோன் சிகிச்சையில் குறையும் இரத்தம்: எது இயல்பு, எது எச்சரிக்கை?

புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி செலுத்திக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அண்மையில் தம் துணைவியாருடன் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருந்தார். அவர் கையில் இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. முதல் ஊசிக்கு முன் அவருடைய ஹீமோகுளோபின் 14.1 கிராம், ஐந்தாம் மாதத்தில் 12.4 கிராம். "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர். இந்த ஊசி என் இரத்தத்தையே உறிஞ்சுகிறது. அடுத்த ஊசி எனக்கு வேண்டாம்" என்றார். துணைவியார் தம் பையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாதமாகக் கொடுக்கிறேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் எதையும் விடவில்லை. ஆனாலும் இரத்தம் ஏறவில்லையே" என்று வருந்தினார்.

இந்த வருத்தம் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. ஆகவே அவர்களிடம் கூறியதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆண் ஹார்மோனுக்கும் இரத்தத்திற்கும் என்ன தொடர்பு?

புராஸ்டேட் புற்றுநோய் வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் துணைபுரிகிறது. இந்த ஹார்மோனைக் குறைத்தால் நோய் அடங்கும் என்பதை 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ், 1966ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று நாம் பயன்படுத்தும் லியூப்ரோலைடு, கோசெரெலின், டிரிப்டோரெலின், டெகாரெலிக்ஸ் ஆகிய ஊசிகளும், விரைகளை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் அந்த அடிப்படையிலேயே செயல்படுகின்றன.

ஆனால் டெஸ்டோஸ்டிரோனுக்கு உடலில் வேறு பணிகளும் உண்டு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் பொருளைச் சிறுநீரகம் சுரப்பதற்கு அது உதவுகிறது. எலும்பு மஜ்ஜையையும் ஊக்குவிக்கிறது. சேமிப்பில் உள்ள இரும்புச்சத்து தடையின்றி இரத்தத்திற்கு வந்துசேரவும் வழிசெய்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். இரத்தசோகையை வரையறுக்க உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கு 13 கிராம் என்றும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராம் என்றும் வெவ்வேறு எல்லைகளை வகுத்திருப்பதும் இதனால்தான்.

ஹார்மோன் குறையும்போது, ஆணின் ஹீமோகுளோபின் பெண்களுக்கு இயல்பான அளவை நோக்கி இறங்குகிறது. ஆசிரியரின் துணைவியாருக்கு ஹீமோகுளோபின் 12.3 கிராம். அந்த அளவோடுதான் அவர் வீட்டு வேலைகள் அனைத்தையும் செய்துவருகிறார். இதைச் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

எவ்வளவு குறையும்? எப்போது குறையும்?

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். ஊசி அவற்றை அழிப்பதில்லை. புதியவை உருவாகும் வேகத்தைத்தான் குறைக்கிறது. ஆதலால் ஹீமோகுளோபின் திடீரென விழாமல், முதல் சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. பெரும்பாலோருக்கு 1 முதல் 2 கிராம் வரை குறைந்து, பின்னர் ஓரளவு நிலைபெறும். ஊசியுடன் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளும் சேரும்போது சிலருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். சிகிச்சையை நிறுத்தும் காலம் வந்து ஹார்மோன் மீண்டும் சுரக்கத் தொடங்கினால், சில மாதங்களில் இரத்தமும் மெல்ல உயரும்.

இவ்வகை இரத்தசோகையில் சிவப்பணுக்களின் அளவும் நிறமும் இயல்பாகவே இருக்கும். இரும்புக் குறைபாட்டினால் வரும் இரத்தசோகையில் அவை சிறுத்து வெளிறியிருக்கும். உடலில் இரும்பு போதிய அளவு இருக்கையில் மேலும் மாத்திரை விழுங்குவதால் மலச்சிக்கலும் வயிற்றெரிச்சலுமே மிஞ்சும். ஆசிரியருக்கு நேர்ந்தது அதுதான்.

எல்லாவற்றையும் ஊசியின்மேல் போடலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையின் நோக்கமே இதை வலியுறுத்துவதுதான்.

மற்றொரு முதியவருக்கு ஊசி தொடங்கிய ஆண்டிலேயே ஹீமோகுளோபின் 12.2 கிராமில் நிலைபெற்றிருந்தது. பிறகு ஆறு வாரங்களில் 9.1 கிராமாக இறங்கியது. "ஊசி போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்களே" என்று வீட்டார் காத்திருந்தார்கள். விசாரித்தபோது, மூட்டுவலிக்காக அவர் நாள்தோறும் வலிநிவாரணி மாத்திரை உட்கொண்டதும், மலம் தார்போல் கறுத்திருந்ததும் தெரியவந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டறிந்தோம். உரிய சிகிச்சையால் அவர் நலமடைந்தார். இன்னும் சில நாள்கள் காத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

நிலைபெற்ற அளவு மீண்டும் சரிந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரைப்பை அல்லது குடலில் இரத்தக்கசிவு, சிறுநீரில் இரத்தம் வெளியேறுதல், சிறுநீரகச் செயல்பாடு குறைதல், வைட்டமின் பி12 குறைபாடு, புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குள் பரவுதல் ஆகியவை முக்கியமானவை. புலால் உண்ணாதவர்களுக்கும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முதல் ஊசிக்கு முந்தைய ஹீமோகுளோபின் அளவை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு பரிசோதனையின் அளவையும் தேதியுடன் அதன்கீழ் எழுதுங்கள். ஒரே ஓர் அளவைக் காட்டிலும், அளவுகள் மாறிவரும் போக்கே மருத்துவருக்கு அதிகம் உணர்த்தும்.

• ஃபெரிட்டின், பி12 முதலிய பரிசோதனைகளில் குறைபாடு உறுதியானால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை உட்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதனால் உண்மையான கசிவு கவனத்திற்கு வராமல் போகலாம்.

• சோர்வு முழுவதும் இரத்தசோகையால் வருவதன்று. தசை மெலிவும், இரவில் உடல் கொதித்து வியர்த்து உறக்கம் கெடுவதும், மனச்சோர்வும் இச்சிகிச்சையில் உண்டு. மருத்துவரின் ஒப்புதலோடு நாள்தோறும் நடப்பதும், தசைகளுக்கு வலுவூட்டும் எளிய பயிற்சிகளும் சோர்வைக் குறைக்கும்.

செய்யக்கூடாதவை

• ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், தள்ளிப்போடவும் வேண்டாம். ஹார்மோன் மீண்டும் உயர்ந்தால் அடங்கியிருந்த நோய் கிளர்ந்தெழலாம்.

• உட்பொருள் தெரியாத 'பலம் தரும்' லேகியம், மாத்திரை, ஊசி எதையும் நாடாதீர்கள். அவற்றுள் ஆண் ஹார்மோன் கலந்திருந்தால் அது நோய்க்கே உணவாகும்.

• இரத்தம் ஏற்றுமாறோ, எரித்ரோபொயட்டின் ஊசி போடுமாறோ வற்புறுத்தாதீர்கள். மிதமான குறைவுக்கு இவை தேவையில்லை. எரித்ரோபொயட்டினால் இரத்தக்கட்டி உருவாகும் அபாயமும் உண்டு.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி; ஓய்விலும் மூச்சுத்திணறல்; மயக்கம்; கறுத்த அல்லது இரத்தம் கலந்த மலம்; சிறுநீரில் இரத்தம்; புதிதாகத் தோன்றும் கடுமையான முதுகுவலி; கால்கள் வலுவிழத்தல். இதய நோய் உள்ளவர்கள், ஹீமோகுளோபின் சிறிதளவே குறைந்திருந்தாலும் மூச்சிரைப்பையோ நெஞ்சின் இறுக்கத்தையோ அலட்சியம் செய்யாமல் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியரின் மூச்சு வாங்கலுக்காக இதயப் பரிசோதனைகளும் செய்தோம், குறையேதும் இல்லை. ஃபெரிட்டின், பி12 அளவுகளும் இயல்பாக இருந்தன. இரும்பு மாத்திரையை நிறுத்தினோம். அன்றே அவர் அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டார். மூன்று மாதங்கள் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 12.2 கிராம், ஏறவில்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. காலையும் மாலையும் நடக்கத் தொடங்கிய பின் மாடிப்படி முன்போல் மலைப்பாக இல்லை என்றார். பி.எஸ்.ஏ. அளவு நன்கு குறைந்திருந்தது. துணைவியார் கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டினார். அதில் தேதிவாரியாக எல்லா அளவுகளும் இருந்தன. பக்கத்துப் பத்தியில் அவருடைய அளவும் இருந்தது.

அடுத்த முறை வரும்போது நீங்களும் அத்தகைய ஒரு நோட்டுடன் வாருங்கள்.