சூரிய ஒளி நீரூற்று: விற்குமுன் ஒரு கேள்வி

மின்கட்டணமில்லாத சோலார் நீரூற்று ஒன்றை வாங்கி, வீட்டுத் தோட்டத்தில் மாமர நிழலில் வைத்தேன். சொட்டு நீர்கூட எழும்பவில்லை. விற்ற கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பழுது பொருளில் இல்லை. நான் வைத்த இடத்தில்தான்.

பேட்டரி இல்லாத சிறு ரகங்களில், பேனல் மீது நேர் வெயில் பட்டால்தான் மோட்டார் ஓடும். மேகம் மறைத்தால் தளரும். பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் வேகம் குறையும். பேனல் தனியாக வயருடன் வரும் ரகமானால் தொட்டி நிழலில் இருக்கலாம்; பேனலை வெயிலில், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும்.

மோட்டார் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீரின்றி ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும். போர்வெல் நீரின் உப்புப் படிந்து துளை அடைத்தால், எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவலாம். இரவில் நீர் அசையாமல் நிற்பதால் கொசு முட்டையிடும். அது கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள். எனவே வாரம் தவறாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இச்சரக்கை வைத்திருப்போர், "வீட்டில் வெயில் படும் இடம் உண்டா?" என்று கேட்டு விற்பது நலம். விற்ற சரக்கு திரும்பி வராது. வாங்கியவர் மீண்டும் வருவார்.