அடுப்பு அணைந்த பிறகு

ஃபிரிட்ஜ் வராத காலத்தில், அடுப்பு அணைந்ததுமே வீட்டுப் பெண்களுக்கு அடுத்த வேலை தொடங்கிவிடும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு அந்த வேளையோடு தீர வேண்டும். புளிக்குழம்பு மிஞ்சினால் இரவில் மறுபடி கொதிக்கவிட்டுச் சுண்ட வைப்பார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். விடிவதற்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும்; அந்தப் புளிப்பு கேடு செய்யும் பல கிருமிகளை அடக்கும். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் காத்ததும் புளிப்புதான். எது எத்தனை நேரம் தாங்கும் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் இருந்தது.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வயிற்றுப்போக்கு எத்தனையோ குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஊசிப்போனதை மூக்கும் நாக்கும்தான் கண்டுபிடித்தன. வாடையே காட்டாத நஞ்சை அவற்றால் கண்டுபிடிக்க முடியாது.

இன்று அந்த நஞ்சைப் பற்றி நமக்குத் தெரியும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சமைத்த உணவு அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊர்க் கோடைப் பகலுக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கே பொருந்தும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் வாந்தி நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையை இங்கே கைவிடத்தான் வேண்டும்.

இத்தனை தெரிந்தும், பழைய நேரக் கணக்கை ஃபிரிட்ஜிடம் ஒப்படைத்துவிட்டோம். காலையில் வைத்த சாம்பார் மாலை வரை மேசையில் இருக்கிறது. பிறகு உள்ளே போகிறது. குளிர் கிருமியின் வளர்ச்சியை மெதுவாக்கத்தான் செய்யும். முன்பே உண்டான நஞ்சை நீக்காது. ஆறட்டும் என்று பெரிய பாத்திரத்தோடு விட்டுவைப்பதும் ஆபத்து. அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். கடை உணவும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததற்கு, அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் அபாயமே காரணம்.

எனக்குப் பெரிய கவலை கல்யாண மண்டபங்களைப் பற்றித்தான். விடியற்காலையில் சமைத்து மதியம் மிஞ்சியதை, நல்ல மனத்தோடு ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்புகிறோம். அங்கே சாப்பிடுவது குழந்தைகளும் முதியவர்களும். உணவு நஞ்சானால் அதிகம் துவண்டுபோகிறவர்கள் அவர்களே. பந்தி தொடங்கும் முன்பே அவர்கள் பங்கைச் சூடாகப் பிரித்து அனுப்புங்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது என்பதையும் பாத்திரத்தின் மேல் எழுதி ஒட்டுங்கள்.