தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம்

தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம் என்பது 2004-05 முதல் 2006-07 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேர் பரப்பில் செயற்படுத்தப்பட்ட வேளாண் திட்டமாகும். தமிழக அரசு 720 இலட்சம் ரூபாய் ஒதுக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை நடத்தியது. இடுபொருள் மானியத்திற்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை அறிய இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மானியமும் உழவர்களும்

எக்டேருக்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கென 75,000 ரூபாயும் சாகுபடிச் செலவுக்கென 40,000 ரூபாயும் வழங்கப்பட்டன. முதலாண்டில் 100 எக்டேருக்கு முழு மானியம் அளிக்கப்பட்டது. ஆயினும் தொடர் வறட்சியால் மனம் சலித்திருந்த உழவர்கள் சேரத் தயங்கினர். முதலில் சேர்ந்தவர்களின் விளைச்சலையும் அவர்கள் பெற்ற விலையையும் நேரில் கண்டபின் நிலை மாறியது. மானியம் இரண்டாம் ஆண்டில் 90 விழுக்காடாகவும் மூன்றாம் ஆண்டில் 80 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டபோதும் பலர் தாமே முன்வந்து பதிவு செய்தனர்.

விளைச்சல் உயர்ந்த விதம்

செயற்கைக்கோள் தொலையுணர்வும் திட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் வயலில் கண்கூடான மாற்றம் தந்தவை எளிய முறைகளே எனலாம். உளிக்கலப்பையால் ஆழ உழுது மண்ணின் கடின அடுக்கு உடைக்கப்பட்டது. தக்காளி, கத்தரி போன்ற பயிர்களின் நாற்றுகள் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வளர்க்கப்பட்டன. நீரில் கரையும் உரங்கள் சொட்டுநீருடன் சிறு அளவுகளில் வேருக்கே செலுத்தப்பட்டன. முதற்பயிர் முழுதும் அறிவியலாளர்கள் உடனிருந்து வழிகாட்டினர். பின்வரும் ஐந்து பயிர்களை உழவர்களே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கருவி, உரம், பயிற்சி ஆகியன ஒருங்கே வந்ததால் மானியத்தின் பங்கை மட்டும் பிரித்துக் கூறுவது கடினம். மேலும் 2005 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் மிகுதியாகப் பெய்தது. ஆப்பிரிக்க நாடான மலாவியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கு 2005-06இல் உரத்திற்கும் விதைக்கும் மானியம் தரப்பட்டு, மக்காச்சோள உற்பத்தி முந்தைய வறட்சி ஆண்டைப் போல் இரு மடங்கானது. அவ்வாண்டு மழையும் நன்றாகவே பெய்திருந்தது.

யூரியா மானியம்

பயிற்சியின்றி விலையை மட்டும் குறைக்கும் மானியம் வேறு விளைவைத் தரக்கூடும். இந்தியாவில் 2010 முதல் மணி, சாம்பல் சத்து உரங்களுக்கு ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் வழங்கப்படுகிறது. யூரியா இதில் சேர்க்கப்படாமல், அரசு குறித்த மலிவு விலையிலேயே விற்கப்படுகிறது. இதனால் தழைச்சத்து அளவுக்கு மீறி இடப்படுகிறது. மற்றச் சத்துகள் குன்றிய மண்ணில் கூடுதல் யூரியா அதற்கேற்ற கூடுதல் விளைச்சலைத் தருவதில்லை.

நிலத்தடி நீர்

தமிழகத்தில் சிறு, குறு உழவர்களுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் முழு மானியத்தில் வழங்கப்படுகின்றன. எனினும் மிச்சமாகும் நீரைக்கொண்டு சாகுபடிப் பரப்பை விரிவாக்கினால், ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியுள்ள பகுதிகளில் நீர்மட்டம் உயர வழியில்லை.