ஈட்டி (தோதகத்தி)

டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா · அவரைக் குடும்பம்

ஏலமலைக் காடுகளின் விலைமதிப்புள்ள மரங்களுள் ஒன்று. சிற்றிலைகளைப் பாருங்கள்: வட்டமாக, காம்பின் இருபுறமும் மாறி மாறி, நுனி சற்றே உள்வாங்கி இருக்கும்.

வைரம் கரும்பழுப்பிலிருந்து ஊதா வரை. ஊடே கருங்கோடுகள் ஓடும். அறுக்கும்போது மணக்கும். கரையான் எளிதில் அண்டாது. காய்ந்த மரம் கன மீட்டருக்குச் சுமார் 850 கிலோ. கட்டில், அலமாரி, சிற்ப வேலைக்கு உகந்தது.

தென் அமெரிக்காவின் பிரேசில் ஈட்டி இதன் நெருங்கிய உறவு. உயர்ரகக் கிட்டார்களின் முதுகும் பக்கங்களும் அதில்தான் செய்யப்பட்டன. அது அரிதானதும், 1960களின் இறுதியில் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர்கள் நம் ஈட்டிக்கு மாறினர். பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992இல் தடை வந்தது. 2017 முதல் நம் ஈட்டியும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் கட்டுப்பாட்டில் உள்ளது.

மெதுவாக வளரும் மரம். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். பட்டையைக் கீற வேண்டாம்.