அழித்து எழுதும் மின்தாள்

விருதுநகர் மார்க்கெட்டில் துவரம் பருப்பும் உளுந்தும் வத்தலும் நேற்று விற்ற விலைக்கு இன்று விற்பதில்லை. காலையில் சிலேட்டில் எழுதிய விலையை மதியம் அழித்து எழுதியவர்கள்தானே நாம்! ஏறக்குறைய அந்தச் சிலேட்டைப் போலவே வேலை செய்யும் ‘மின்தாள்’ பற்றி நம் உறுப்பினர்கள் அறிந்து வைப்பது நல்லது.

டி.வி., செல்போன் திரைகள் ஒளியைப் பாய்ச்சி எழுத்தைக் காட்டுகின்றன. மின்தாள் அப்படியல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் ஏராளமாக உள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் திரவத்தில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் காட்டினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். எழுத்து விழுந்த பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அப்படியே நிற்கும். மாற்றி எழுதும்போதுதான் மின்செலவு. கொளுத்தும் வெயிலிலும் காகிதம் போலவே படிக்கலாம்.

1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் நிக் ஷெரிடன் என்பவர் இத்தகைய முயற்சியைத் தொடங்கினார். நுண்குமிழ் முறையைக் கண்ட எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1997இல் ‘ஈ இங்க்’ நிறுவனத்தை ஆரம்பித்தனர். 2004இல் ஜப்பானில் சோனியின் ‘லிப்ரி’ வந்தது. 2007 நவம்பரில் அமேசானின் ‘கிண்டில்’ 399 டாலருக்கு வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. 2016இல் அதில் தமிழ்ப் புத்தகங்களும் ஏறின.

அப்படியானால் சிவகாசி அச்சகங்களின் கதி என்ன? தீப்பெட்டி லேபிளில் வளர்ந்த தொழில் அது. டைரியின் இடத்தைப் பிடித்தது செல்போன். மின்தாள் மீது பழி போடக்கூடாது. தினசரி காலண்டரோ இன்றும் சுவரை விட்டு இறங்கவில்லை. கடைப் பெயர் போட்ட காலண்டர் தராவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கத்தானே செய்கிறார்!

நமக்கு உண்மையில் போட்டியாக வருவது வேறு. வெளிநாட்டுப் பேரங்காடிகளில் அலமாரி விலைச்சீட்டே மின்தாளாகிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நூற்றுக்கணக்கான சரக்குகளின் விலையை ஒரே நேரத்தில் மாற்றுகிறார்கள். நம் கடையில் பையன் ஏணி போட்டு ஏறி முடிப்பதற்குள் அங்கே விலை மாறிவிடும். ஆனாலும் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலை பொட்டலத்தின் மீதே இருக்க வேண்டும்; அலமாரிச் சீட்டு அதற்கு ஈடாகாது. ஆகவே லேபிள் அச்சுக்கு வேலை உண்டு.

சிறு கடைக்காரர்கள் இதற்காக இப்போதே முதல் போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாங்க நினைப்பவர்கள் முதலில் பத்துச் சீட்டு மட்டும் வாங்கிப் பார்க்கட்டும். பேட்டரி மாற்ற என்ன செலவு, பில் மெஷினோடு விலை ஒத்துப்போகிறதா, தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டவும்.