தகவல் துளி: உளிக்குள் ஒரு கணக்கு

சிறுசேரியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போய்க் கடற்கரையை எட்டினால், உளிச் சத்தம்தான் நம்மை வரவேற்கும். அந்தச் சத்தத்துக்குள் கணக்கு இருக்கிறது என்று மாணவர்களுக்குக் கற்பித்தவர் வை. கணபதி ஸ்தபதி.

1927-இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தார். கல்லூரியில் கணிதம் படித்தார். சிற்பம், தந்தை வைத்தியநாத ஸ்தபதி வழி வந்த சொத்து. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளியைத் தந்தை நடத்தினார். அவருக்குப் பின் மகன். அது கல்லூரியாக வளர்ந்தது.

குமரிமுனையில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை வடித்தவர் என்று இவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவருடைய கோயில்களையும் அவசியம் பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் உள்ள இறைவன் கோயில் இவர் வடிவமைத்தது. முழுவதும் கருங்கல். பெங்களூரு அருகே சிற்பிகள் கையுளியாலும் சுத்தியலாலும் செதுக்கிய கற்கள் கப்பலேறி, பசிபிக் பெருங்கடலின் நடுவே கோயிலாக எழுந்தன! எத்தனை பொறுமை வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

2009-இல் பத்மபூஷண் பெற்றார், 2011-இல் மறைந்தார். இறைவன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2023-இல்.