நாசியின் குருதி வழிகள்

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடை நூல்களால் நெய்யப்பட்டு, சந்திக்கும் கோட்டில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. மனித நாசிக்குக் குருதி வந்து சேரும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

கழுத்தில் ஏறும் பெருந்தமனி அகத்தமனி, புறத்தமனி என இரண்டாகப் பிரிகின்றது. மூளையை நாடிச் செல்லும் அகத்தமனியிலிருந்து கண் தமனி கிளைக்கிறது. அதினின்று பிரியும் எத்மாய்டுத் தமனிகள் நாசியின் மேற்பகுதிக்கும், கண்களுக்கிடையே அமைந்த காற்றறைகளுக்கும் குருதியூட்டுகின்றன. புறத்தமனியின் கிளையாகிய மேல்தாடைத் தமனி கன்னத்துக் காற்றறையைப் பேணுகிறது. அதன் இறுதிக் கிளையான ஸ்பீனோபாலடைன் தமனியே நாசியின் பெரும்பகுதிக்குப் பொறுப்பாகும்.

இவ்விரு வழிகளும் நடுச்சுவரின் முன்புறத்தில் பின்னிக்கொள்கின்றன. 1879இல் அமெரிக்கரான ஜேம்ஸ் லிட்டிலும், 1884இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கீசல்பாக்கும் விவரித்த இடம் இது. 'சில்லுமூக்கு உடைந்தது' என நாம் கூறுவது பெரும்பாலும் இங்கு நிகழ்வதே. மேற்சவ்வு மெல்லியது, வறண்ட காற்றும் விரல் நகமுமே அதனைக் கிழிக்கப் போதும்.

அவ்வேளையில் தலையை அண்ணாத்திப் பிடிப்பது நம்மிடையே வேரூன்றிய தவறாகும். குருதி தொண்டைக்குள் இறங்குமேயன்றி நிற்காது. அமர்ந்து, முன்சாய்ந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் விடாது அழுத்துவதே முறை. அதற்கும் நில்லாவிடில் மருத்துவமனையை நாட வேண்டும். முதியோர்க்கும், குருதி உறையாமைக்கு மருந்து உண்போர்க்கும் பின்புறத் தமனி கசிந்தால் அது உயிருக்கே ஊறாகலாம்.

தமனியைச் சுடுதல், முற்றாக அறுத்தல், நூலால் கட்டுதல், மருந்திடுதல் எனக் குருதியை நிறுத்தும் நான்கு வழிகளை ஸ்பெயினின் அறுவை மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். சுடுதலும் கட்டுதலும் நாசி அறுவையில் இன்றும் கைக்கொள்ளப்படுகின்றன. குழாய் செலுத்தித் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் புதுமுறையும் உண்டு. எனினும் அது புறத்தமனியின் கிளைகளுக்கே ஏற்றது. எத்மாய்டுத் தமனியை அவ்வாறு அடைக்க முயன்றால், அதன் தாயாகிய கண் தமனி அடைபட்டுப் பார்வை பறிபோகலாம்.

2021இல் கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கரும்பூஞ்சை நோயும் இவ்வுறவையே உணர்த்திற்று. காற்றறைகளில் வேரூன்றிய பூஞ்சை குருதிக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அடைத்தது. குருதியிழந்த திசு கருகியது. பலர் கண்ணையும் உயிரையும் இழந்தனர். நாசிக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தொலைவு, நாம் எண்ணுவதினும் மிகச் சிறிது.